எட்டில் ஒன்று, ஒன்றுக்கு ஏழு: நிகழ்தகவும் சாதக விகிதமும்

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று விதமாகத்தானே விழ முடியும்? பிறகு ஒவ்வொன்றுக்கும் 1/3 என்று எழுதினால் ஏன் தவறு? ஒரு நிகழ்ச்சியின் சாதக விகிதம், அதாவது அதற்குச் சாதகமான வழிகளுக்கும் பாதகமான வழிகளுக்கும் உள்ள விகிதம், 3:5 என்றால் அதன் நிகழ்தகவு 3/5 தானே? தொடர்ந்து ஐந்து முறை தலை விழுந்துவிட்டால் ஆறாவது முறை பூ விழும் வாய்ப்பு கூடாதா? சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தும் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விடை தவறிவிடுகிறது என்றும் குறைப்பட்டிருக்கிறார்.

மூன்று கேள்விகளுக்கும் விடை "இல்லை" என்பதுதான். ஆனால் மூன்றும் கேட்கத் தகுந்த கேள்விகள். மூன்றிலும் சிக்கல் ஒரே இடத்தில் இருக்கிறது என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்பது பாடநூல் சூத்திரம். தொகுதியில், அதாவது மேலே எழுதும் எண்ணில், பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று கேள்வியிலேயே இருக்கிறது. பகுதியில் எழுத வேண்டிய எண்ணைத்தான் கேள்வி சொல்லித் தருவதில்லை. அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதோடு, அந்தச் சூத்திரத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: எண்ணப்படும் விளைவுகள் எல்லாம் சமவாய்ப்பு உள்ளவையாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டால் சூத்திரம் எதை வேண்டுமானாலும் சொல்லும். நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது, ஆக விளைவுகள் இரண்டு, எனவே மழைக்கு நிகழ்தகவு 1/2 என்றுகூட "நிரூபித்து"விடலாம்.

நாணயத்துக்கு வருவோம். ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை எடுக்காமல், ஒரு ஐந்து ரூபாய், ஒரு பத்து ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரூபாயில் தலை, பத்து ரூபாயிலும் தலை; ஐந்தில் தலை, பத்தில் பூ; ஐந்தில் பூ, பத்தில் தலை; இரண்டிலும் பூ. நான்கு விளைவுகள், நான்கும் சமவாய்ப்பு உள்ளவை. "ஒன்று தலை, ஒன்று பூ" என்று நீங்கள் ஒன்றாகக் கட்டிவைத்தது உண்மையில் இரண்டு விளைவுகள். ஆகவே அதற்கு 2/4, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு 1/4. இரண்டும் ஒரே மாதிரி ஐந்து ரூபாய் நாணயங்களாக இருந்தால்? விடை மாறாது. நம் கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறதா என்பது நாணயம் விழும் விதத்தைப் பாதிப்பதில்லை. நிகழ்தகவுக் கணக்கில் பொருள்களுக்கு மனத்துக்குள் பெயர் சூட்டிவிடுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞர்களில் ஒருவரான தாலம்பேர் இதே பள்ளத்தில் விழுந்தார். 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் நாணயம் சுண்டுவது பற்றி அவரே கட்டுரை எழுதினார். இரண்டு முறை சுண்டினால் குறைந்தது ஒரு முறை தலை விழ என்ன வாய்ப்பு என்பது கேள்வி. முதல் முறையே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. ஆக மூன்று விளைவுகள், அவற்றில் இரண்டு சாதகம், விடை 2/3 என்றார். சரியான விடை 3/4. முதல் சுண்டலிலேயே தலை விழுவது பாதி வாய்ப்பு உள்ளது. மற்ற இரண்டும் கால் கால் வாய்ப்பு உள்ளவை. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எண்ணியதுதான் அவர் செய்த பிழை.

நாணயத்தைவிட நல்ல ஆசிரியர் நம் வீட்டிலேயே இருக்கிறது: தாயக்கட்டை. பித்தளையில் செய்த, நீண்ட, நான்கு பக்கம் கொண்ட இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வெறுமையாக இருக்கும். மற்ற மூன்று முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை ஒன்று வந்தால் தாயம். இரண்டு முகமும் வெறுமையாக விழுந்தால் அதைப் பூச்சியம் என்று கொள்ளாமல் பன்னிரண்டு என்று கொள்வது ஆட்ட மரபு. தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால், தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பவரின் புலம்பல் எந்த ஆட்டத்திலும் கேட்கும்.

முதல் கட்டை நான்கு விதமாக விழலாம், இரண்டாவது நான்கு விதமாக விழலாம். ஆகக் கூறுவெளியில், அதாவது எல்லா விளைவுகளையும் கொண்ட பட்டியலில், 16 விளைவுகள். கட்டைகள் சீராகச் செய்யப்பட்டிருந்தால் பதினாறும் சமவாய்ப்பு உள்ளவை. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்:

பன்னிரண்டு (0+0): 1 வழி
தாயம் (0+1, 1+0): 2 வழி
இரண்டு (0+2, 1+1, 2+0): 3 வழி
மூன்று (0+3, 1+2, 2+1, 3+0): 4 வழி
நான்கு (1+3, 2+2, 3+1): 3 வழி
ஐந்து (2+3, 3+2): 2 வழி
ஆறு (3+3): 1 வழி

கூட்டினால் 16. விழக்கூடிய எண்கள் ஏழு என்பதால் தாயத்துக்கு 1/7 என்று எழுதியிருந்தால், அதுவும் நாணயத்தில் செய்த அதே தவறு. தாயத்துக்கு 2/16, அதாவது 1/8. மூன்று விழும் வாய்ப்பு 4/16. தாயத்தைப் போல இரு மடங்கு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஆளுக்கு 1/16.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்ட விதியைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும் என்றாலும், ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடியும் உருட்டலாம் என்பது பரவலான வழக்கம். இரண்டு, மூன்று, நான்குக்கு அந்தச் சலுகை கிடையாது. சலுகை பெற்ற நான்கும் பட்டியலின் இரு ஓரங்களில், ஒன்றோ இரண்டோ வழிகள் மட்டும் உள்ளவை. சலுகை இல்லாத மூன்றும் நடுவில் கூட்டமாக நிற்பவை. விதியை வகுத்தவர்கள் பின்னம் போட்டுப் பார்த்தார்களோ இல்லையோ, எது அரிது என்று திண்ணையில் உட்கார்ந்து நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

ஐந்துக்கு இரண்டு வழி, ஆறுக்கு ஒரு வழி என்பது சிலருக்கு உறுத்தும். ஐந்துக்கு இரண்டும் மூன்றும் வேண்டும், ஆறுக்கு மூன்றும் மூன்றும் வேண்டும், இரண்டும் ஒரே கணக்குத்தானே என்பார்கள். இதே வாதத்தை லைப்னிட்ஸ் வைத்தார். ஆறு முகப் பகடை இரண்டை உருட்டினால் 11 விழுவதும் 12 விழுவதும் சம எளிமை என்று எழுதினார். நுண்கணிதத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் அவர். உண்மையில் 11க்கு (5,6), (6,5) என்று இரண்டு வழி, 12க்கு ஒன்றுதான். இதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கலிலியோ இந்த நுணுக்கத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. மூன்று பகடைகளில் கூட்டுத்தொகை 9க்கும் 10க்கும் ஆளுக்கு ஆறு சேர்க்கைகள் இருந்தும், 10 சற்று அதிகமாக விழுவதாகச் சூதாடிகள் கவனித்திருந்தார்கள். ஏன் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் 216 விளைவுகளையும் எண்ணி, 9க்கு 25 வழி, 10க்கு 27 வழி என்று காட்டினார். 3+3+3 என்பது ஒரே வழியில்தான் விழும். 4+3+3 மூன்று வழிகளில் விழும். 5+3+2 ஆறு வழிகளில் விழும். வேறுபாடு 216இல் இரண்டுதான். அந்த 1/108ஐ வெறும் கண்ணால் உணர்ந்த சூதாடிகள் எத்தனை இரவுகள் உருட்டியிருப்பார்களோ!

இனி சாதக விகிதம். நிகழ்தகவு ஒரு பங்கை முழுமையோடு ஒப்பிடுகிறது. சாதக விகிதம் அதே பங்கை மிச்சத்தோடு ஒப்பிடுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. தாயத்துக்குச் சாதகமான வழிகள் 2, பாதகமானவை 14. ஆகச் சாதக விகிதம் 2:14, சுருக்கினால் 1:7. நிகழ்தகவோ 2/16, அதாவது 1/8. "எட்டில் ஒன்று" என்றாலும் "ஒன்றுக்கு ஏழு" என்றாலும் ஒரே செய்திதான். திருப்பி 7:1 என்று எழுதினால் அது பாதக விகிதம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் தாயக்கட்டையிலேயே இருக்கிறது. மறுபடி உருட்டும் சலுகை கிடைக்க எத்தனை வழி? தாயம் 2, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1; மொத்தம் 6. கிடைக்காத வழிகள் 10. சாதக விகிதம் 6:10, அதாவது 3:5. நிகழ்தகவு 6/16, அதாவது 3/8. 3:5 என்பதை 3/5 என்று எழுதினால், பாதகமான வழிகளை மட்டும் பகுதியில் வைத்துவிட்டு, சாதகமானவற்றை மொத்தத்தில் சேர்க்க மறந்துவிட்டோம் என்று பொருள். சாதக விகிதம் அ:ஆ என்றால் நிகழ்தகவு அ/(அ+ஆ). திரும்பிப் போவதும் எளிது: நிகழ்தகவு 3/8 என்றால் பகுதியிலிருந்து தொகுதியைக் கழியுங்கள், 5 வருகிறது, விகிதம் 3:5. நிகழ்தகவு 0.2 என்று தசமத்தில் கொடுத்திருந்தால் 0.2க்கு 0.8, அதாவது 1:4.

எளிதில் வழுக்கும் இடம் இன்னொன்று உண்டு. தாயத்தின் சாதக விகிதம் 1:7, ஐந்தின் சாதக விகிதமும் 1:7. இரண்டில் ஏதாவது ஒன்று விழ? 1/7ஐயும் 1/7ஐயும் கூட்டி 2:7 என்று எழுதும் விடைகளைப் பார்க்கலாம். விகிதங்களை அப்படிக் கூட்ட முடியாது. நிகழ்தகவுக்கு மாற்றிக் கூட்டுங்கள்: 1/8 + 1/8 = 1/4. பிறகு விகிதத்துக்குத் திரும்புங்கள்: 1:3. நிகழ்தகவுகளைக் கூட்டுவதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று விலக்க வேண்டும். ஒரே உருட்டலில் தாயமும் ஐந்தும் சேர்ந்து விழ முடியாது என்பதால் இங்கே சிக்கல் இல்லை. சீட்டுக் கட்டில் ஹார்ட்டின் அல்லது ராஜா எடுக்க என்ன வாய்ப்பு என்று கேட்டால், ஹார்ட்டின் ராஜாவை இருமுறை எண்ணிவிடாமல் ஒரு முறை கழிக்க வேண்டும்: 13 + 4 - 1 = 16, விடை 16/52.

ஒரே செய்தியைச் சொல்ல இரண்டு விதம் எதற்கு என்று கேட்கலாம். விகிதம் பந்தயக்காரர்களின் மொழி. நான் வென்றால் நீ இவ்வளவு கொடு, நீ வென்றால் நான் இவ்வளவு கொடுக்கிறேன் என்று பேசுகிறவர்களுக்கு விகிதம் நேராகக் கைக்கு வருகிறது. தாயம் விழும் என்று நீங்கள் ஒரு ரூபாய் கட்டினால், எதிராளி ஏழு ரூபாய் கட்டினால்தான் ஆட்டம் நியாயமானது. அவர் ஆறு ரூபாய்தான் கட்டுவேன் என்றால், ஒருநாள் இரண்டுநாள் நீங்கள் ஜெயிக்கலாம். நெடுநாள் ஆடினால் பணம் அவர் பக்கம் போகும்.

சூதாட்ட விடுதிகளின் வருமானம் முழுவதும் இந்த ஒரு ரூபாயில்தான் இருக்கிறது. ரூலட் என்பது சக்கரத்தைச் சுழற்றி ஆடும் சூதாட்டம். ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒரு எண்ணின் மீது பணம் கட்டினால் உண்மையான பாதக விகிதம் 36:1. விடுதி கொடுப்பதோ 35:1. முப்பத்தேழு முறை நூறு நூறு ரூபாயாகக் கட்டி, சராசரிப்படி ஒரு முறை வென்றால், 3,600 ரூபாய் போகும், 3,500 ரூபாய் வரும். கட்டிய 3,700இல் நூறு ரூபாய் விடுதிக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 விழுக்காடு. ஆகவே பந்தயம் கட்டும் இடத்தில் எழுதிப்போட்டிருக்கும் விகிதம் அந்த நிகழ்ச்சியின் சாதக விகிதம் என்று நம்பிவிடாதீர்கள். அது கடைக்காரர் எழுதிய விலைப்பட்டியல். அவருடைய லாபம் அதற்குள் அடக்கம்.

தாயத்தின் வாய்ப்பு 1/8 என்பதால் எட்டு முறை உருட்டினால் ஒரு முறை கட்டாயம் விழும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1/8ஐ எட்டு முறை கூட்டினால் 1 வந்துவிடுகிறதே! அப்படியானால் ஒன்பது முறை உருட்டினால் 9/8 வாய்ப்பா? நிகழ்தகவு 1ஐத் தாண்டினால் அங்கேயே பேனாவை வைத்துவிட்டு மேலே பார்க்க வேண்டும். "குறைந்தது ஒரு முறை" என்ற சொற்களைக் கேள்வியில் கண்டால், நேராகப் போகாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். ஒரு முறை உருட்டித் தாயம் விழாமல் போக 7/8. ஒரு உருட்டல் அடுத்ததைப் பாதிக்காது என்பதால் பெருக்கலாம். எட்டு முறையும் விழாமல் போக 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.34. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பில், எட்டு முறை உருட்டியும் தாயத்தைக் காணாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டும் என்றால் எத்தனை முறை உருட்ட வேண்டும்? ஐந்து முறையும் விழாமல் போக 0.513, ஆறு முறையும் விழாமல் போக 0.449. ஆக ஆறு உருட்டல். அப்போது குறைந்தது ஒரு தாயம் விழ 0.551.

நிகழ்தகவு தனிக் கணிதமாக வளரத் தொடங்கியதே இந்த வகைக் கணக்கில்தான். 1654இல் செவாலியே த மேரே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் கணித அறிஞர் பாஸ்கலிடம் ஒரு முறையீட்டோடு போனார். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஒரு முறை ஆறு விழும் என்று பந்தயம் கட்டுவது லாபம் தருகிறது. இரண்டு பகடையில் இரட்டை ஆறு விழுவது அதைவிட ஆறு மடங்கு அரிது. அப்படியானால் ஆறு மடங்கு உருட்டினால், அதாவது 24 முறை உருட்டினால், அதே லாபம் கிடைக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. கணிதம் தனக்குள்ளேயே முரண்படுகிறது என்பது அவர் புகார். பாஸ்கல் இதைக் கடிதத்தில் இன்னொரு கணித அறிஞரான பெர்மாவுக்கு எழுதினார். அந்த ஆண்டு இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இந்தத் துறையின் பிறப்புச் சான்றிதழ் போல இன்றும் பேசப்படுகிறது.

கணக்கு நமக்கு இப்போது எளிது. நான்கு முறையும் ஆறு விழாமல் போகும் வழிகள் 5×5×5×5 = 625. மொத்த வழிகள் 6×6×6×6 = 1,296. மிச்சம் 671. சாதக விகிதம் 671:625. பாஸ்கல் தம் கடிதத்தில் எழுதியதும் இந்த விகிதத்தைத்தான். நிகழ்தகவு ஏறத்தாழ 0.518. இரட்டை ஆறுக்கு 35/36ஐ 24 முறை பெருக்கி 1இலிருந்து கழித்தால் ஏறத்தாழ 0.491. பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஒரே ஒரு உருட்டல் கூட்டி 25 ஆக்கினால் 0.506 ஆகிவிடுகிறது. முரண்பட்டது கணிதம் அன்று. "ஆறு மடங்கு அரிதென்றால் ஆறு மடங்கு உருட்டல்" என்ற கூட்டல் புத்தி.

உங்கள் மூன்றாவது கேள்வி ஐந்து முறை தலை விழுந்த நாணயம் பற்றியது. ஆறாவது சுண்டலில் தலைக்கும் பூவுக்கும் பழையபடி பாதி பாதிதான். "ஆறு முறை தொடர்ந்து தலை விழுவது 1/64 தானே, எவ்வளவு அரிது!" என்று மனம் வாதாடும். ஐந்து தலைக்குப் பின் ஒரு பூ விழுவதும் அதே 1/64 தான். ஐந்து தலைகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன. 64 விளைவுகளில் 62 இப்போது நடக்க வழியில்லாமல் கழிந்துபோயின. மீதியிருப்பவை இரண்டே இரண்டு, இரண்டும் சமம். பகுதியில் இன்னமும் 64ஐ வைத்துக்கொண்டிருப்பதால்தான் குழப்பம்.

இந்த மயக்கம் பணக்காரர்களையும் விடுவதில்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சிவப்பு எண்ணும் கறுப்பு எண்ணும் சரிபாதியாக உள்ள ரூலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு வந்தது. இனிச் சிவப்புதான் வரும், இனிச் சிவப்புதான் வரும் என்று ஒவ்வொரு சுற்றிலும் பணத்தைக் கொட்டியவர்கள் ஓட்டாண்டியானார்கள்.

"ஆனால் நிறைய முறை சுண்டினால் பாதிக்கு வந்துவிடும் என்று பாடநூலிலேயே இருக்கிறதே, அப்படியானால் பூக்கள் வந்து ஈடுகட்டித்தானே ஆக வேண்டும்?" நியாயமான ஐயம். இதற்கு ஒரு போர்க்காலப் பரிசோதனை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்துவந்த ஜான் கெரிக் 1940இல் மனைவி வீட்டாரைப் பார்க்கக் கோபன்ஹேகன் போயிருந்தபோது ஜெர்மானியப் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. அவரை முகாமில் அடைத்துவிட்டார்கள். பொழுது போக வேண்டுமே; ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் குறித்துவைத்தார். முதல் 100இல் தலை 44. 10,000 முடிவில் 5,067. விகிதத்தைப் பாருங்கள்: 0.44இலிருந்து 0.5067க்கு வந்திருக்கிறது, பாதியை நெருங்கிவிட்டது. எண்ணிக்கையைப் பாருங்கள்: பாதியிலிருந்து விலகல் முதலில் 6, முடிவில் 67. கூடியிருக்கிறது! நாணயம் எதையும் ஈடுகட்டவில்லை. விலகல் வளர்ந்தாலும், பகுதியில் இருக்கும் எண் அதைவிட மிக வேகமாக வளர்ந்து அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. உங்கள் ஐந்து தலைகளுக்குப் பின் இன்னும் ஆயிரம் முறை சுண்டி, அவற்றில் சரியாக 500 தலை விழுந்தாலும் மொத்தம் 505/1005, அதாவது 0.5025. அந்த ஐந்து தலைகள் அப்படியே இருக்கின்றன, விகிதத்தில் மட்டும் தெரியாமல் போயின.

முன்பு நடந்தது இனி நடப்பதை ஒருபோதும் பாதிக்காது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பையில் 5 சிவப்புப் பந்து, 5 நீலப் பந்து. ஒன்றை எடுத்தீர்கள், சிவப்பு. அதைத் திரும்பப் பையில் போடாமல் அடுத்ததை எடுத்தால் சிவப்புக்கு 4/9, நீலத்துக்கு 5/9. இங்கே உண்மையாகவே நீலத்துக்கு வாய்ப்பு கூடிவிட்டது, ஏனென்றால் பை மாறிவிட்டது. திரும்பப் போட்டுவிட்டு எடுத்தால் மறுபடி பாதி பாதி. ஆகக் கேள்வித்தாளில் "திரும்ப வைக்கப்படாமல்" என்ற இரண்டு சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் பகுதி முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

எண்ணிப் பார்த்தே எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியாது என்பதற்கும் தாயமே சான்று. பித்தளைக் கட்டை இல்லாத வீடுகளில் ஆறு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி ஆடுவார்கள். ஒரே ஒரு கொட்டை மட்டும் வெள்ளை காட்டி விழுந்தால் தாயம். வெள்ளையும் கறுப்பும் சமவாய்ப்பு என்றால் 64 விளைவுகளில் 6, அதாவது ஏறத்தாழ 0.094, பித்தளைக் கட்டையைவிடத் தாயம் அரிது. ஆனால் தேய்த்த பக்கம் தட்டை, தேய்க்காத பக்கம் உருண்டை. இரண்டும் சமம் என்று யார் சொன்னது? இங்கே கூறுவெளியை எழுதிவைப்பதால் மட்டும் பயனில்லை. ஒரு கொட்டையை எடுத்து இருநூறு முறை போட்டு, எத்தனை முறை வெள்ளை வந்தது என்று எண்ணத்தான் வேண்டும். வெள்ளையின் பங்கு 0.4 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தாயத்தின் வாய்ப்பு 6 × 0.4 × 0.6 × 0.6 × 0.6 × 0.6 × 0.6, ஏறத்தாழ 0.187. முன்பு சொன்னதைப் போல இரு மடங்கு! கொட்டையைத் தேய்க்கும் பொறுப்பை எதிரணியிடம் விடலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சோழியிலும் இதே நிலைதான். பாடநூலில் "சோதனை வழி நிகழ்தகவு" என்று தனியாக வருவது இதைத்தான்.

கடைசியாக, தேர்வில் தவறாமல் தலைகாட்டும் ஒரு கணக்கு: ஒரு லீப் ஆண்டில் 53 ஞாயிற்றுக்கிழமைகள் வர நிகழ்தகவு என்ன? 366 நாள்களில் 52 முழு வாரங்கள் போக இரண்டு நாள்கள் மிச்சம். அந்த இரண்டு நாள்கள் ஞாயிறு–திங்கள், திங்கள்–செவ்வாய் என்று ஏழு விதமாக அமையலாம். ஞாயிறு இடம்பெறுபவை சனி–ஞாயிறு, ஞாயிறு–திங்கள் என இரண்டு. விடை 2/7, சாதக விகிதம் 2:5.

இதுவரை படித்தவர் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும்: அந்த ஏழும் உண்மையிலேயே சமவாய்ப்பு உள்ளவையா? இல்லை. நம் நாள்காட்டி 400 ஆண்டுகளுக்கு ஒரு முறை கிழமை மாறாமல் அப்படியே திரும்புகிறது. அந்த 400 ஆண்டுகளில் லீப் ஆண்டுகள் 97; நூறால் வகுபடும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடாத மூன்றை விட்டுவிடுகிறோம். 97ஐ ஏழு சம பங்காகப் பிரிக்க முடியாது. எண்ணிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் லீப் ஆண்டுகள் 15, சனிக்கிழமை தொடங்குபவை 13. இரண்டிலும் 53 ஞாயிறுகள் வரும். ஆகத் துல்லியமான விடை 28/97, ஏறத்தாழ 0.2887, 2/7 என்பது 0.2857. தேர்வில் 2/7 என்றே எழுதுங்கள், முழு மதிப்பெண் அதற்குத்தான். 28/97ஐ வகுப்பில் ஆசிரியரிடம் தனியாகக் காட்டுங்கள். 2000 முதல் 2399 வரை லீப் ஆண்டுகளின் ஜனவரி முதல் தேதிக் கிழமைகளை வரிசையாக எழுதினால் ஒரு மாலைப் பொழுதில் சரிபார்த்துவிடலாம். முதல் ஏழும் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று ஒழுங்காகப் போகும். அதே வரிசை 2096 வரை தொடரும். 2100 லீப் ஆண்டு இல்லை என்பதால் 2104இல் அந்த வரிசை உடைந்து, 2096இன் ஞாயிறுக்குப் பின் செவ்வாய் வரும்.